‘டெமோ வண்டி இல்லை சார்’: ஓட்டிப் பார்க்க விடாத காரை எடைபோடுவது எப்படி

2025 மே மாதம் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. என்ற வேகக் கார் இந்தியாவுக்கு வந்தபோது, முதலில் ஒதுக்கிய 150 வண்டிகளும் விலை அறிவிக்கும் முன்பே முடிந்துவிட்டன. பிறகு வந்த விலை ரூ.52.99 லட்சம், அதுவும் ஷோரூம் விலை. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 100 வண்டிகள், ரூ.49.99 லட்சம், அதுவும் வந்த வேகத்தில் தீர்ந்தது. விலையே தெரியாமல் முன்பணம் கட்டுகிறார்கள் என்றால், ஓட்டிப் பார்ப்பதை யார் கேட்கப்போகிறார்கள்? வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்த்து வாங்கும் ஊர் இது. அரைக் கோடி ரூபாய் காருக்கு மட்டும் அந்தப் பழக்கத்தை விடவேண்டியதில்லை.

ஷோரூமில் ‘டெஸ்ட் டிரைவ் கிடையாது’ என்று சொன்னால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். அந்த மறுப்பு எந்த ரகம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன கேட்பது என்பது அதைப் பொறுத்தது.

ஏன் மறுக்கிறார்கள்

பெரும்பாலும் காரணம் கணக்குதான். முழுதாகக் கட்டி இறக்குமதியாகும் கார்களை, இங்கே தனியாக ஹோமோலோகேஷன் (விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று சான்று தரும்) சோதனை நடத்தாமல், ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வரை கொண்டுவரலாம் என்று 2018-இல் விதி வந்தது. இந்த வேகக் கார்கள் அந்த வழியில் சிறு எண்ணிக்கையில் வருபவை. ஊருக்கு விரல்விட்டு எண்ணும் அளவே கிடைக்கும். அதில் ஒன்றை டெமோ என்று ஒதுக்கினால் டீலர் தன் பெயரில் பதிவு செய்யவேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம், 52.99 லட்சம் வண்டிக்கு வரி மட்டுமே ஏறத்தாழ ரூ.10.6 லட்சம். அதன் மேல் இன்ஷூரன்ஸ். ஒரு வருடம் ஊரார் மிதித்த பிறகு அதை இரண்டாம் கை வண்டியாகத்தான் விற்கமுடியும். வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது எந்த முதலாளியும் இந்தச் செலவை இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஷோரூமில் நிற்பது வேறொருவர் புக் செய்த வண்டியாக இருக்கலாம். அப்போது மறுப்பதுதான் நியாயம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கையேடுகள், முதல் 1,000 கி.மீ. வரை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கக் கூடாது, உச்ச ஆர்.பி.எம்.மில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது, 1,500 கி.மீ. வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டவேண்டும் என்கின்றன. புது டயரின் பிடிப்பு சரியாக வர 500 கி.மீ. ஆவது ஓடவேண்டும், பிரேக் பேட் பதிய 200 கி.மீ. ஆகவே 15 கி.மீ. ஓடிய புது வண்டியை எப்படியோ பேசி வாங்கி ஓட்டினாலும், அதன் பிடிப்பும் பிரேக்கும் உண்மை முகத்தைக் காட்டாது. நாளை உங்களுக்கு வரும் வண்டியை இன்று யாரோ அப்படி மிதித்தால் உங்களுக்கும் பிடிக்காது.

‘சட்டம் இடம் தராது சார்’ என்பது பாதி உண்மை. டீலரிடம் டிரேடு சர்டிஃபிகேட் (பதிவாகாத வண்டியைச் சாலையில் எடுக்க வியாபாரிக்குத் தரும் சான்று) இருந்தால், வாங்க வருபவருக்கு ஓட்டிக் காட்ட மத்திய மோட்டார் வாகன விதி 41 அனுமதிக்கிறது. அந்த வண்டிகளின் நம்பர் பிளேட் சிவப்பு, எழுத்து வெள்ளை. நிரந்தரப் பதிவு செய்த டெமோ வண்டியில் வழக்கமான வெள்ளைப் பிளேட் இருக்கும். இரண்டுமே இல்லாத வண்டியைக் காட்டி ‘சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க’ என்று சேல்ஸ்மேன் சாவியை நீட்டினால், நீங்கள்தான் மறுக்கவேண்டும். வழியில் யார் மீதாவது உரசினால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும், ஓட்டியவர் நீங்கள்.

பிறகு, வேடிக்கை பார்க்க வருபவர்கள் மீதுள்ள சலிப்பு. ரீல்ஸ் எடுக்க நாலு பேராக வந்து இறங்குபவர்களைப் பார்த்துப் பார்த்து, சேல்ஸ் ஆட்கள் எல்லோரையும் அதே கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த ரக மறுப்பைத்தான் மிக எளிதாக மாற்றமுடியும்.

கடைசியாக, அழுத்தம். ‘முதலில் புக் பண்ணுங்க, அப்புறம் ஓட்டலாம்.’ அப்படியென்றால் டெமோ வண்டி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பணத்தை எப்படிக் கட்டுவது என்று பின்னால் சொல்கிறோம்.

டெஸ்ட் டிரைவ் தந்தே ஆகவேண்டும் என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. எனவே ‘கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்’ என்று கவுன்டரில் மிரட்டிப் பயனில்லை. இன்னொன்று: கிராக்கி எப்போதும் நிலைப்பதில்லை. 2016-இல் இதே ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி.ஐ.யை வெறும் 99 வண்டி என்று சொல்லித்தான் கொண்டுவந்தது. மூன்று கதவு, விலை ரூ.25.99 லட்சம். அடுத்த ஆண்டே லட்சக்கணக்கில் தள்ளுபடி தரவேண்டியதாயிற்று. ‘இன்றே புக் பண்ணாவிட்டால் போச்சு’ என்ற பேச்சைக் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

எப்போது, எப்படிக் கேட்பது

சனி, ஞாயிறு வேண்டாம். மாதக் கடைசி வாரமும் வேண்டாம். டார்கெட் முடிக்கும் ஓட்டத்தில் இருப்பார்கள். அட்சய திருதியை, ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களில் டெலிவரிக் கூட்டம் அலைமோதும். செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை 11 மணி வாக்கில் போங்கள். நம் ஊர் ஷோரூம்களில் இதற்கென்றே ஒரு பொற்காலம் உண்டு: ஆடி மாதம். டெலிவரி எடுக்க ஆள் வராது, சேல்ஸ் ஆட்கள் ஏ.சி.யில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மார்கழியும் அப்படித்தான்.

நேரில் போவதற்கு முன் நிறுவனத்தின் இணையதளத்தில் டெஸ்ட் டிரைவ் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். அது லீடாக, அதாவது வாங்க வாய்ப்புள்ளவர் என்று, கணக்கில் ஏறும். அதன்பின் டீலருக்கு வாட்ஸாப்பில் எழுத்தாகக் கேளுங்கள். ஏறக்குறைய இப்படி:

‘வணக்கம் சார். ஜி.டி.ஐ. வாங்கும் எண்ணத்தில் இருக்கிறேன். வங்கிக் கடனுக்கு ஒப்புதல் கடிதம் கைக்கு வந்துவிட்டது. இப்போதுள்ள காரை எக்ஸ்சேஞ்சில் தருவேன். டெமோ வண்டி உங்கள் கிளையிலோ, பெங்களூரிலோ, கொச்சியிலோ எங்கே எந்தத் தேதியில் இருக்கும்? நானே அங்கு வருகிறேன். கூட மனைவி மட்டும் வருவார். வீடியோ எடுக்கமாட்டோம். டெமோ இல்லையென்றால், உங்கள் டிரைவர் ஓட்ட, பக்கத்து சீட்டில் 15 நிமிடம் உட்கார்ந்து வர முடியுமா?’

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. கடன் ஒப்புதல் ‘இவர் வேடிக்கை பார்க்க வரவில்லை’ என்கிறது. எக்ஸ்சேஞ்ச் என்றால் டீலருக்கு இன்னொரு லாபம். ‘எங்கே, எந்தத் தேதி’ என்று கேட்டால் வெறும் ‘இல்லை’ என்று முடிக்கமுடியாது. கடைசிக் கேள்விதான் முக்கியம்: பெரியதை மறுத்தவருக்குச் சிறியதை மறுக்கச் சங்கடமாக இருக்கும். சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லையென்றால் சேல்ஸ் மேனேஜரையும், அவர் வழியாக நிறுவனத்தின் ஏரியா மேனேஜரையும் கேளுங்கள். ஊர் ஊராகச் சுற்றும் கம்பெனி டெமோ வண்டி ஏதாவது இருந்தால் அதன் அட்டவணை ஏரியா மேனேஜரிடம்தான் இருக்கும்.

ஓட்டத் தருவதாகச் சொன்னால் லைசென்ஸ் கொண்டுபோங்கள். டிஜிலாக்கரில் இருப்பதும் செல்லும். ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். படிக்காமல் போடாதீர்கள். ‘ஏற்படும் சேதம் முழுவதற்கும் வாடிக்கையாளரே பொறுப்பு’ என்றிருந்தால், ‘இன்ஷூரன்ஸ் தராத தொகைக்கு மட்டும்’ என்று பேனாவால் திருத்தச் சொல்லுங்கள். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு பாலிசியின் கட்டாயக் கழிவு (கிளெய்மில் நம் கையிலிருந்து போகும் தொகை) ரூ.2,000 தான், ஆனால் நோ கிளெய்ம் போனஸ் போனது, மதிப்பு குறைந்தது என்று டீலர் கேட்கக்கூடியது லட்சத்தைத் தொடும். திருத்த மறுத்தால் பக்கத்து சீட்டே போதும்.

அந்த வண்டி இல்லையா, அதன் உறவுக்கார வண்டி இருக்கிறது

பலர் கோட்டைவிடும் இடம் இது. ஜி.டி.ஐ.யும் ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸும் ஒரே எம்.க்யூ.பி. ஈவோ தளத்தில், இ.ஏ.888 என்ற 2 லிட்டர் டர்போ எஞ்சின் குடும்பத்தில், 7 கியர் டி.எஸ்.ஜி.யோடு (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) வருபவை. இரண்டிலும் 265 குதிரைசக்தி, டார்க் (சுழற்றும் விசை) 370 என்.எம். இதே எஞ்சின் குடும்பமும் 7 கியர் டி.எஸ்.ஜி.யும் ஃபோக்ஸ்வாகன் டிகுவான் ஆர்-லைனிலும் ஸ்கோடா கோடியாக்கிலும் 204 குதிரைசக்தியோடு இருக்கின்றன. இவை தொடர்ந்து விற்கும் மாடல்கள் என்பதால் டெமோ கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

டிகுவானை ஓட்டினால் என்ன தெரியும்? டிராஃபிக்கில் டி.எஸ்.ஜி. எப்படி ஊர்கிறது, ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் டர்போ எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது, ஏ.சி.யைத் திரையில் தடவி மாற்றுவது எரிச்சல் தருகிறதா, வண்டியைக் கோட்டுக்குள் வைக்கும் லேன் அசிஸ்ட் நம் ஊர்ச் சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கிறதா. தினசரி வாழ்க்கையில் நாம் எரிச்சல்படுவது பெரும்பாலும் இவற்றோடுதான். தெரியாதவை சஸ்பென்ஷனின் இறுக்கம், ஸ்டியரிங்கின் கூர்மை, முன்சக்கர இழுவை. டிகுவான் நான்கு சக்கர இழுவை, உயரமானது. ஜி.டி.ஐ.யில் முழு டார்க்கும் முன்சக்கரங்கள் வழியாகத்தான் போகும். அங்குள்ள எலக்ட்ரானிக் டிஃபரென்ஷியல் லாக் (இரு முன்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் அமைப்பு) வளைவில் செய்யும் வேலையை டிகுவானில் உணரமுடியாது.

இதே தந்திரம் மற்ற நிறுவனங்களுக்கும் பொருந்தும். பி.எம்.டபிள்யூ. எம்2-ஐ ஓட்டத் தரமாட்டார்கள் என்றால் எம்340ஐ-ஐக் கேளுங்கள். அது செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள பி.எம்.டபிள்யூ. ஆலையில் 2021 முதல் பொருத்தப்படுவது. அதற்கு டெமோ வண்டி கிடைப்பது அவ்வளவு கடினமல்ல.

ஓட்டாமலே அளக்கக்கூடியவை

வண்டி ஷோரூமில் நிற்கிறது, தொடலாம், உட்காரலாம், ஓட்டத்தான் கூடாது என்கிறார்களா? ஒரு டேப்போடு போங்கள். முன் பம்பரின் அடி விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் வண்டியின் அடிவயிறு எவ்வளவு என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பக்கெட் சீட்டின் ஓரத் திண்டு தொடையில் அழுந்துகிறதா என்பது 20 நிமிடம் உட்கார்ந்தால்தான் தெரியும். இரண்டு நிமிடத்தில் எல்லா சீட்டும் சுகமாகத்தான் இருக்கும்.

பிறகு உங்கள் தெருவுக்கு வாருங்கள். வேகத்தடையில் அடிவயிறு தட்டுமா என்று ஓட்டாமலே கணக்கிடலாம். மேட்டின் உச்சியில் நேரான நீண்ட பைப் ஒன்றைக் கிடையாக வையுங்கள். உச்சியிலிருந்து இருபுறமும் 1.3 மீட்டர் தள்ளி (ஜி.டி.ஐ.யின் வீல்பேஸ் சுமார் 2.6 மீட்டர், அதில் பாதி) பைப்புக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். இரண்டின் சராசரியோடு, ஆட்கள் ஏறினால் வண்டி இறங்கும் அளவாக 3 செ.மீ. கூட்டுங்கள். ஷோரூமில் அளந்த அடிவயிற்று உயரத்தைவிட இது அதிகமானால் தட்டும்.

முறைப்படி போட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். இந்த முறையில் அளந்தால் அதன் தொல்லை வெறும் 5 செ.மீ. தான், ஏனென்றால் சக்கரங்களும் மேட்டின் மீதே நிற்கும். தொல்லை தருபவை தெருவாசிகள் தாமாகப் போட்ட குட்டை மேடுகள். அரை மீட்டர் அகலத்தில் 12 செ.மீ. உயரம் என்றால் முழு 12-ஐயும் வண்டி தாண்டவேண்டும். அடுக்குமாடி பேஸ்மென்ட் ராம்ப்பின் மேல் விளிம்பையும் இதே பைப்பால் அளந்துவிடுங்கள்.

டயரையும் பாருங்கள். 225/40 என்றால் பக்கச்சுவரின் உயரம் 225-இல் 40 சதவீதம், அதாவது 90 மி.மீ. நான்கு விரல் அகலத்தைவிடச் சற்று அதிகம். பள்ளத்தில் விழுந்தால் அலாய் வீலுக்கும் கல்லுக்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான்.

இருபது நிமிடம் கிடைத்தால்

நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாயவைக்கும் லான்ச் கன்ட்ரோலைக் கேட்காதீர்கள். கிளட்ச் சூடேறும், டீலரின் முதல் பயமே அதுதான், ஜி.டி.ஐ. நூறு கி.மீ. வேகத்தை 5.9 நொடியில் தொடும் என்பது விளம்பரத்திலேயே இருக்கிறது, அதை நீங்கள் சோதிக்கவேண்டியதில்லை. சென்னைக்குள் கார்களுக்கு வேக வரம்பு 60 கி.மீ. என்பதையும் மறக்கவேண்டாம்.

குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஏ.சி. போட்டு, ‘டி’யில் பிரேக்கை மெதுவாக விட்டு, நடை வேகத்தில் ஐந்து நிமிடம் ஊருங்கள், உதறல் இருந்தால் இங்கேதான் தெரியும். நான்கு பேரோடு ஒரு வேகத்தடை. ஒட்டுப்போட்ட தார்ச்சாலையில் 40-இல் ஒருமுறை, சஸ்பென்ஷன் மோடை மாற்றி இன்னொருமுறை. ஆயில் வெப்பநிலை 80 டிகிரியைத் தாண்டிய பிறகு, காலியான நேர்ச்சாலையில், 30-லிருந்து 60 வரை ஒரே ஒரு முழு மிதி. அப்போது ஸ்டியரிங் கையில் ஒருபக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். மியூசிக் சிஸ்டத்தைக் கடைசிவரை போடவேண்டாம். டயர் இரைச்சலை அதுதான் மறைக்கும். டேங்கில் சாதா பெட்ரோலா, 95 அல்லது அதற்கு மேற்பட்ட ஆக்டேனா (பெட்ரோலின் தர எண்) என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆக்டேன் குறைந்தால் எஞ்சின் இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, கொஞ்சம் சோம்பலாக ஓடும்.

பக்கத்து சீட்டுதான் கிடைத்தது என்றால் பாதி வழி முன்னாலும் மீதி வழி பின்னாலும் உட்காருங்கள். குழந்தைகளும் பெற்றோரும் உட்காரப்போவது பின்னால்தான்.

வெளி வழிகள்

வாடகைக்கு எடுத்து ஒருநாள் ஓட்டுவது நல்ல யோசனை. ஆனால் சொந்தமாக ஓட்டிச்செல்லும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கவேண்டும். இன்ஸ்டாகிராமில் வெள்ளைப் பிளேட் வேகக் காரை நாள் வாடகைக்கு விடுபவர்களிடம் போகாதீர்கள். தனியார் கார் பாலிசி வாடகைப் பயன்பாட்டுக்குச் செல்லாது. (1966-இல் அமெரிக்காவில் ஹெர்ட்ஸ் நிறுவனம் சுமார் ஆயிரம் ஷெல்பி மஸ்டாங்குகளை வாடகைக்கு விட்டது. வார இறுதியில் எடுத்துப்போய்ப் பந்தயத்தில் ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை திருப்பித் தந்தவர்கள் உண்டு. டீலர்களின் பயம் ஆதாரமில்லாதது அல்ல.)

ரேஸ் டிராக் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. சுற்று, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. சொந்தக் காரை டிராக்கில் ஓட்டவிடும் டிராக் டே நடக்கும் நாளில் பார்வையாளராகப் போனால் நீங்கள் தேடும் வண்டியின் சொந்தக்காரர் ஒருவராவது கண்ணில்படுவார். உரிமையாளரிடம் ஓட்டக் கேட்காதீர்கள், பக்கத்தில் உட்காரக் கேளுங்கள். அதுவும் டிராக்கில் அல்ல, வெளியே சாலையில். பந்தயமும் வேகச் சோதனையும் சாதாரண மோட்டார் பாலிசியில் விலக்கப்பட்டவை.

முந்தைய தலைமுறை ஆக்டேவியா ஆர்.எஸ். 245, 2020-இல் 200 வண்டிகள் வந்தன. பழைய கார் விற்பவரிடம் ஒன்று இருந்தால், அவர் தயங்காமல் சாவி தருவார். புதியதன் குணத்தில் பெரும்பகுதி அதிலேயே தெரிந்துவிடும். சில நேரம் அதையே வாங்கிவிடலாம் என்றும் தோன்றும்.

பணம் கட்டும்போது

‘புக் பண்ணினால்தான் ஓட்டலாம்’ என்றால் கட்டுங்கள், ஆனால் மூன்று நிபந்தனையோடு. டீலரின் கம்பெனி வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். சேல்ஸ்மேனின் ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். ரசீதில் ‘டெஸ்ட் டிரைவுக்குப் பின் வேண்டாமென்றால் முழுத்தொகையும் 7 நாளில் திருப்பித் தரப்படும்’ என்று எழுதி முத்திரையோடு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். எழுத்தில் இருந்தால், பணம் திரும்பாதபோது 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு ஆணையத்திலும் பேச உங்களிடம் ஆதாரம் இருக்கும். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம்.

‘வண்டி வேண்டுமென்றால் எங்கள் இன்ஷூரன்ஸ், எங்கள் ஆக்ஸசரீஸ்’ என்று கட்டிவைத்தால் அது வேறு விஷயம். ஒன்றை வாங்க இன்னொன்றை வாங்கியே தீரவேண்டும் என்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் கட்டுப்பாட்டு வணிக முறை என்கிறது. ஆன்-ரோடு விலையைப் பிரித்து எழுதித் தரச்சொல்லுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீத டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) இருக்கும், அது வருமான வரிக் கணக்கில் உங்களுக்குத் திரும்ப வரவு வரும், சண்டை போடவேண்டாம்.

ஓட்டாமல் வாங்குபவருக்கு டெலிவரிக்கு முந்தைய சோதனைதான் கடைசி அரண். முழுப் பணம் கட்டுமுன், பதிவுக்கு அனுப்புமுன், பகல் வெளிச்சத்தில், யார்டிலேயே பாருங்கள். சேஸிஸ் எண் இன்வாய்ஸோடு பொருந்துகிறதா? ஓடோமீட்டர் மூன்று இலக்கத்தில் இருந்தால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு மறுத்த டெஸ்ட் டிரைவை வேறு யாரோ உங்கள் வண்டியிலேயே எடுத்திருக்கலாம். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் வாரமும் ஆண்டும் (1825 என்றால் 2025-இன் 18-ஆவது வாரம்). நான்கு டயருக்கும் பெரிய இடைவெளி இருக்கக் கூடாது. பெயின்ட் மீட்டர் கொண்டுபோனால் 90 முதல் 150 மைக்ரான் சாதாரணம். ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் அது மறுபெயின்ட். யார்டுக்குள் முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டி.எஸ்.ஜி.யில் ‘ஆர்’-லிருந்து ‘டி’க்கு நாலைந்து முறை மாற்றிப் பாருங்கள். இதற்கு நம்பர் பிளேட் தேவையில்லை, இதை மறுக்கும் டீலரிடம் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.